ஓர் அடிகூட அடிக்காத கோல்ஃப் வீரர்

முப்பது வருஷம் கருங்கல்லோடு பழகினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒரு நடை சுள்ளிமேட்டுக்கு வந்து, நால்வர் கிரைண்டர் கம்பெனியின் பங்காளிகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். தங்கமான மனிதர்கள். அவர்கள் செய்கிற கிரைண்டரில் இட்லி மாவு பொங்கிப் பொங்கி வரும். மூளை விஷயத்தில்தான் கடவுள் கொஞ்சம் கை இறுக்கமாக இருந்துவிட்டார். நாலு பேருக்கும் பொதுவாக ஒன்றைக் கொடுத்து, முறை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு யார் முறை என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

மூத்தவர் நாச்சிமுத்து. அவர் வாயிலிருந்து வருவது மற்ற மூவருக்கும் வேதவாக்கு. அங்கப்பன் எதையும் சட்டப்படி பேசுவார். ஒருமுறை கோர்ட்டில் சாட்சி சொல்லப் போய்வந்ததிலிருந்து அப்படி. சென்னியப்பன் காதில் விழுவதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். மாரண்ணன் கல் தூக்குகிறவர். அவருக்குக் கை சும்மா இருக்காது.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் நாச்சிமுத்துவுக்கு மாடிப்படியில் மூச்சு வாங்கியது. மூவரும் அவரைக் கைத்தாங்கலாக டாக்டர் கோதைநாயகி அம்மாவிடம் கூட்டிப் போனார்கள்.

“தீபாவளிக்கு எத்தனை மைசூர்பாகு சாப்பிட்டீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“எண்ணலீங்கம்மா.”

சென்னியப்பன் நோட்டைப் புரட்டி, “இருபத்திரண்டுங்க. பக்கத்து வீட்டுது தனி,” என்றார்.

“சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. இப்படியே போனா ஒருநாள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்தான் பண்ணணும்.”

நாச்சிமுத்து வெளிறிப்போனார். வரிசையில் தனக்கு முன்னால் நின்றவருக்கு ஊசி போட்டதைப் பார்த்து மயங்கி விழுந்தவர் அவர். ஆனால் அந்தப் பயத்தையும் வேறொரு கவலை முந்திக்கொண்டது.

“தை மாசம் என்ற புள்ளைக்குக் கல்யாணமுங்கம்மா. பந்தியில ஒரே ஒரு மைசூர்பாகு...” என்று இழுத்தார். கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை. மகள் பூங்கொடிக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே மைசூர்பாகு போடுகிற சமையல்காரரைப் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டவர் அவர்.

டாக்டரம்மாவுக்கே மனசு இளகியது. “மூணு மாசம் ஒழுங்கா நடங்க. சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் பாக்கலாம். ஆனா சும்மா நடங்கன்னா நீங்க பேக்கரி வரைக்கும்தான் நடப்பீங்க. கோல்ஃப் ஆடுங்க. மலையடிவாரத்துல தனியார் கிளப் இருக்கு, மெம்பராச் சேரணும். ஏரிக்கரையில பொது மைதானம் இருக்கு, டிக்கெட் வாங்கிட்டு யார் வேணும்னாலும் ஆடலாம். ரெண்டையும் பாத்துட்டு எது தோதோ அதுல ஆடுங்க.”

‘இரண்டையும் பார்க்கவும்’ என்று எழுதி, சென்னியப்பன் அடிக்கோடு போட்டார்.

முதலில் தனியார் கிளப்புக்குப் போனார்கள். வாசலில் பெரிய பலகை: ‘உறுப்பினர்கள் மட்டுமே உள்ளே வரலாம்.’ நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“உள்ள போய்த்தான மெம்பராகோணும்?” என்றார் மாரண்ணன்.

“மெம்பரானாத்தான் உள்ள போகோணும்,” என்றார் அங்கப்பன். அவர் குரலில் ஒரு பரவசம் தெரிந்தது. “சட்டம்னா இதுங்கண்ணா. ஒரு ஈ நுழைய முடியாது பாருங்க.”

அந்தச் சட்டத்தின் அழகை ரசித்தபடி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். சாப்பிட வீட்டுக்குக் கிளம்பிய செயலாளர்தான் காரை நிறுத்தி என்ன ஏது என்று விசாரித்தார். பட்டாளத்தில் இருந்தவர், மீசை மட்டும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது.

“இடம் காலி இல்லையே,” என்றார் அவர். “இருக்கிற மெம்பர்ல ஒருத்தர் காலமானாத்தான் அடுத்தவர் உள்ளே வரமுடியும். காத்திருப்போர் பட்டியல்ல பேர் எழுதிக்கறேன். பதினோரு வருஷம் ஆகலாம். பரவாயில்லையா?”

“எழுதிக்குங்க. ஆட்டம் எப்படீங்க?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியிலும் பந்தைப் போடணும். மத்த ஆட்டம் மாதிரி இல்ல இது. யார் குறைச்சலா அடிக்கிறாரோ அவர்தான் ஜெயிச்சவர்.”

இதையும் சென்னியப்பன் எழுதிக்கொண்டார். அந்த மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், பாவம்.

மறுநாள் காலை பொது மைதானம். டிக்கெட் வாங்கி, மட்டையும் பந்தும் வாடகைக்கு எடுத்து, முதல் குழிக்கான இடத்தில் நால்வரும் போய் நின்றார்கள். அங்கே ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தி அனுப்புகிறவர் பீட்டர் அருள். பந்தைத் தரையில் வைத்துவிட்டு நால்வரும் அதைச் சுற்றிக் கைகட்டி நிற்பதைப் பார்த்து, சாமி கும்பிடுகிறார்கள் என்று முதலில் நினைத்துக்கொண்டார்.

கால்மணி நேரம் கழித்து, “அடிங்க சார். பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க,” என்றார்.

“அடிச்சாத் தோத்துருவோமுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“என்னது?”

அங்கப்பன் முன்னால் வந்தார். “குறைச்சலா அடிக்கிறவந்தான ஜெயிப்பான்? ஒரு அடி குறைச்சலா, ஒரு அடிகூட அடிக்காதது குறைச்சலா? நீங்களே சொல்லுங்க.”

பீட்டர் அருள் தலையைச் சொறிந்தார். இருபது வருஷமாக அந்த வேலையில் இருக்கிறார், இப்படி ஒரு கேள்வியை அவர் சந்தித்ததில்லை.

“சரி, பந்து போற எடத்துக்கு நடந்தாவது போங்க சார்!” என்று கெஞ்சினார்.

“பந்து எங்கயும் போகலியேங்க,” என்றார் நாச்சிமுத்து. நியாயம்தானே.

இதற்குள் மாரண்ணனுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கிவிட்டார். “மாரா, வேண்டாம்! பொறுத்துக்கோ! கைய எறக்கு!” என்று மூவரும் பாய்ந்து, அடிதடியை விலக்குகிற மாதிரி அவரை இடுப்போடு கட்டிப்பிடித்து மர நிழலுக்கு இழுத்துப் போனார்கள். பின்னால் நின்றவர்கள் இது குடும்பச் சண்டை என்று நினைத்து மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

மர நிழலில் சென்னியப்பன் ஆட்டச் சீட்டை நிரப்பினார். பதினெட்டுக் குழிக்கும் பதினெட்டுச் சைபர். அதைக் கொண்டுபோய்ப் பீட்டர் அருளிடம் நீட்டி, “இதுக்கு முன்னால யாராச்சும் இவ்வளவு கொறைச்சலா எடுத்திருக்காங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார்,” என்றார் பீட்டர் அருள். உண்மையைத்தானே சொல்ல முடியும்.

அன்று மத்தியானம் கம்பெனியில், புதுக் கிரைண்டர்களுக்கு நடுவே உட்கார்ந்து, கிளப்பா மைதானமா என்று நால்வரும் ஆலோசித்தார்கள்.

“மைதானம் நல்லாத்தான் இருக்குது,” என்றார் மாரண்ணன். “காத்து, நெழல், எல்லாம் இருக்குது.”

“ஆனா அங்க அடி அடின்னு உசுர வாங்கறாங்க,” என்றார் நாச்சிமுத்து. “இன்னைக்கு உன்னைப் புடிக்க நாங்க மூணு பேர் இருந்தோம். என்னைக்காச்சும் ஒருநாள் புடி நழுவீருச்சுன்னா? அதுவரைக்கும் காப்பாத்துன பேரு ஒரு நொடியில போயிரும்.”

“இதுல ஆலோசனையே வேண்டாமுங்கண்ணா,” என்றார் அங்கப்பன். “கிளப்புல அடிக்கோணும்னு ஆசைப்பட்டாலும் அடிக்க உட மாட்டாங்க. பதினோரு வருஷம்! பட்டியல்ல பேர் இருக்கற வரைக்கும் நம்மளை ஒருத்தன் ஜெயிக்க முடியாது.”

நால்வரும் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அப்போது சென்னியப்பனுக்கு ஒரு சந்தேகம். “ஏனுங்கண்ணா, பட்டியல் பேரு ‘காத்திருப்போர்’ பட்டியல். நாம இங்க உக்காந்துட்டு இருக்கறமே, இது காத்திருக்கறதாகுமா?”

எல்லோருக்கும் திக்கென்றது. கம்பெனியில் உட்கார்ந்திருப்பவன் எப்படிக் காத்திருப்பவன் ஆவான்? அந்தச் செயலாளர் வந்து பார்த்தால் பேரை அடித்துவிடமாட்டாரா? மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் நால்வரும் கிளப் கம்பிவேலிக்கு வெளியே ஆஜர்.

அங்கே காத்திருந்தபோது, எந்த இடம் காலியாகும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது என்று அங்கப்பனுக்குத் தோன்றியது. மெம்பர்களில் வயதில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ் திருவேங்கடம். தொண்ணூற்றொரு வயது. தினமும் தனியாகப் பதினெட்டுக் குழியும் ஆடுவார். நால்வரும் வேலி ஓரமாக அவர் கூடவே நடந்தார்கள்.

“ஐயா, உடம்பு எப்படீங்க இருக்குது?”

“நல்லா இருக்கேனே.”

நாலு முகமும் தொங்கிப்போயின. ஜட்ஜ் ஐயா அடுத்த குழிக்குப் போனார். இவர்களும் போனார்கள்.

“இப்பங்க?”

“இப்பவும் நல்லாத்தான் இருக்கேன். ஏன்?”

சென்னியப்பனுக்குப் பொய் சொல்ல வராது. “நீங்க போனீங்கன்னா எங்க அண்ணனுக்கு எடமுங்க,” என்றார்.

ஜட்ஜ் ஐயா மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, புரையேறி, அன்றைக்கே இடம் காலியாகியிருக்கும். நல்லவேளை, மாரண்ணன் வேலிக்குள் கையை விட்டு முதுகில் தட்டிக் காப்பாற்றினார். அன்றிலிருந்து ஜட்ஜ் ஐயாவுக்கு இவர்கள் இல்லாமல் ஆட்டம் ஓடாது. தினமும் தன் ரத்த அழுத்தத்தை அவரே வேலி ஓரம் வந்து ஒப்பிப்பார். வேலியைச் சுற்றி ஒரு நடை ஏழு கிலோமீட்டர். நாச்சிமுத்து மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே போவார். வேறு வழி? நலம் விசாரிக்க வேண்டுமே.

மார்கழிப் பனியில் ஒருநாள் ஜட்ஜ் ஐயா வரவில்லை. சளி, காய்ச்சல் என்று காவலாளி சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய நால்வரும் வேலியைப் பிடித்துக்கொண்டு பேயறைந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

“அவரு போயிட்டாருன்னா எடம் காலி,” என்றார் நாச்சிமுத்து மெதுவாக. “எடம் காலின்னா என்னை உள்ள கூப்புடுவாங்க. உள்ள போனா அடிக்கோணும்.” நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அதுவும் இல்லாம, நல்ல மனுசன்டா அவரு.”

அவ்வளவுதான். மாரண்ணன் ஓடிப்போய்ச் சுக்குக் கஷாயம் போட்டுவந்தார். காவலாளி மூலமாக நாலு நாள், வேளைக்கு ஒரு தூக்குப் போசிக் கஷாயம் உள்ளே போனது. ஐந்தாம் நாள் ஜட்ஜ் ஐயா மட்டையோடு வந்து நின்றபோது நாச்சிமுத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டார்.

தை பிறந்தது. டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் பார்த்தார். “சர்க்கரை இறங்கியிருக்கு. எடை ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. ஆபரேஷன் பேச்சே வேண்டாம். கடைசியில எங்கே ஆடினீங்க? கிளப்பா, மைதானமா?”

“கிளப்புங்கம்மா.”

“மெம்பராயிட்டீங்களா?”

“இல்லீங்க. அடிக்கவும் இல்லீங்க. ஆனா தோக்கவே இல்லீங்க.”

டாக்டரம்மா கெட்டிக்காரர், மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. “எப்படியோ நல்லா இருங்க. கல்யாணத்துல மைசூர்பாகு ஒரே ஒரு துண்டு சாப்பிடலாம். ஒண்ணுதான். ரெண்டாவது துண்டு உங்க பக்கத்துல இருக்கறதை நான் பாத்தேன்னா, அன்னைக்கே ஆபரேஷன்தான், பாத்துக்குங்க.”

சென்னியப்பன் எழுதினார்: ‘ஒரு துண்டு. இரண்டாவது பக்கத்தில் இருக்கக் கூடாது.’

கல்யாணப் பந்தியில் டாக்டரம்மாவும் ஜட்ஜ் ஐயாவும் எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து இந்த வரிசையில், காலி இலைக்கு முன்னால், கண்ணை மூடிக் காத்திருந்தார். மூன்று மாசத் தவம். மாரண்ணனும் சமையல்காரரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கிவந்தார்கள். மூன்றடி நீளம், இரண்டடி அகலம். தட்டில் ஊற்றியது ஊற்றியபடி, கத்தியே படாத ஒரே துண்டு மைசூர்பாகு. இலை முழுவதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தது. நெய் மணம் பந்தியையே தூக்கியது.

நாச்சிமுத்து குனிந்து, ஓரத்தில் பல்லை வைத்தார்.

“அண்ணா, நிறுத்துங்க!” என்று அலறினார் அங்கப்பன். “கடிச்சீங்கன்னா வாயில ஒண்ணு, எலையில ஒண்ணு. ரெண்டு துண்டாயிரும்!”

நாச்சிமுத்து வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். சென்னியப்பன் நோட்டைப் பிரித்துப் பார்த்துத் தலையாட்டினார். சட்டம் சரிதான். கிள்ளினாலும் இரண்டு, பிட்டாலும் இரண்டு. மாரண்ணன் தன் கையால் நாச்சிமுத்துவின் வாயை அளந்தார். பிறகு மைசூர்பாகை அளந்தார். வருத்தமாக உதட்டைப் பிதுக்கினார்.

நாச்சிமுத்து எழுந்து டாக்டரம்மாவின் இலைக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். ஊசியைக் கண்டு மயங்கிய அந்த மனிதரின் முகத்தில் இப்போது பயம் துளிகூட இல்லை.

“டாக்டரம்மா, வாயைப் பெருசாக்கறதுக்கு ஏதாச்சும் ஆபரேஷன் இருக்குதுங்களா? இருந்தா நாளைக்கே வெச்சுக்கலாமுங்க.”

டாக்டரம்மாவின் கையிலிருந்த ரசம் சாதம் இலைக்கே திரும்பிப் போனது. அதைப் பார்த்த சென்னியப்பன், பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு பணிவாக முன்னால் வந்தார்.

“எடம் காலி இல்லீன்னாலும் பரவாயில்லீங்கம்மா. பட்டியல்ல அண்ணன் பேரை எழுதிக்குங்க. பதினோரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், எங்களுக்குக் காத்திருந்து பழக்கமுங்க.”