மரகதம் ஓடிய ஐந்து சுற்று

கூழைக்கடாவார் கடற்கரைக்குப் போய்விட்டு ஏரிக்குத் திரும்பி வந்தார். வந்த நாளிலிருந்து அவர் வாயில் கப்பலைத் தவிர வேறு பேச்சே இல்லை.

“ஊர் அளவு பெரிய கப்பல்! குடும்பம் குடும்பமா ஏறிப் போறாங்க. அப்பா, அம்மா, புள்ளைங்க எல்லாரும் மேல்தளத்துல உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாங்க. இதையும் கேளுங்க, அந்தக் கப்பலுக்குள்ளேயே ஒரு குளம் இருக்கு!”

“தண்ணிக்கு மேல தண்ணியா!” என்று தவளைகள் வாயைப் பிளந்தன.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மரகதம் கண் இமைக்கவில்லை. மரகதம் ஒரு கீரி. கணவன் பேர் பூவலிங்கம். மூன்று பிள்ளைகள். இரை தேடவும் வளையைப் பெருக்கவுமே அவளுக்குப் பொழுது சரியாக இருக்கும். ஐந்து பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. அவள் மனத்தில் ஒரு கப்பல் ஓசைப்படாமல் வந்து நின்றது. மேல்தளத்தில் கணவனும் பிள்ளைகளும். சுற்றிலும் நீலம். நடுவில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஏரிக்கரையில் மாதம் ஓர் உடற்பயிற்சிப் பந்தயம் நடப்பது வழக்கம். தின்று தின்று எல்லோருக்கும் உடம்பு வைத்துவிட்டதே என்று கூழைக்கடாவார்தான் அதைத் தொடங்கிவைத்தார். போன மாதம் யானை நடை. அதற்கு முந்திய மாதம் மலையேற்றம். இந்த மாதம் என்ன என்று யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“இது குடும்பக் கப்பல் மாசம்!” என்று அவர் இறக்கையை விரித்தார். “ஒவ்வொரு குடும்பமும் ஒரு கப்பல்! தினம் காலையில ஆளுக்கு ஒரு தடவை ஏரியைச் சுத்தி ஓடணும். ஒரு சுற்றுக்கு உங்க கப்பல் ஓர் அடி நகரும். முப்பதாம் நாள் துறைமுகம் சேர்ந்த குடும்பம், நிஜமாவே தெப்பத்துல ஏறி நடுத்தீவுக்குப் போகலாம். அங்கே நாவல் பழுத்துக் கொட்டிக் கிடக்கு!”

மணலில் நீளக் கோடுகள் கிழித்தார்கள். வழியில் சங்குத்துறை, பவளத்துறை, பனித்துறை என்று பேர் வைத்தார்கள். தலைக்கு முப்பது அடி என்று கணக்கிட்டுக் கோட்டின் கடைசியில் துறைமுகம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பாக்குமட்டையைக் கொண்டுவந்து தன் கப்பலென்று நிறுத்தியது. பயிற்சி நேரத்தில் பகை கிடையாது என்பது ஏரிக்கரைச் சட்டம். அதனால் கீரிக் குடும்பத்தின் கோட்டுக்குப் பக்கத்திலேயே பெருச்சாளிக் குடும்பத்தின் கோடும் இருந்தது. பெருச்சாளிகளுக்குச் சற்று நடுக்கம்தான்.

முதல் நாள் விடியலில் மரகதம் பிள்ளைகளை எழுப்பினாள்.

“கால் வலிக்குதும்மா!” என்றது மூத்தது. இன்னும் ஓடவே இல்லை!

“கப்பல் கனவு கண்டுக்கிட்டிருந்தேன். கலைச்சுட்டியேம்மா!” என்றது நடுவுள்ளது. கடைக்குட்டி சுண்டு கண்ணையே திறக்கவில்லை.

“என்னங்க, நீங்களாவது எழுந்திருங்க.”

“பனி விழுது மரகதம். நாளைக்கு ரெண்டு சுற்றா ஓடிடறேன்,” என்று பூவலிங்கம் புரண்டு படுத்தான். அவனுடைய நாளை மிகப் பெரிய நாள். எந்த வேலையைப் போட்டாலும் அதில் இடம் இருக்கும்.

மரகதம் நான்கு முகங்களையும் பார்த்தாள். தூக்கத்தில் சுண்டுவின் மீசை துடித்தது. அவள் மனம் இளகிவிட்டது. ‘பாவம், தூங்கட்டும்’ என்று தனியே போய் ஐந்து சுற்றையும் அவளே ஓடினாள்.

பாக்குமட்டையை அவள் ஐந்து அடி நகர்த்துவதைக் கூழைக்கடாவார் பார்த்தார். “மத்த நாலு பேரு எங்கே தங்கச்சி?”

“யார் ஓடினா என்னண்ணே? எங்க வீட்டுக் கால்தானே!”

அவர் மட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, நீயாச்சு, உன் கப்பலாச்சு!”

அதன் பிறகு தினமும் அப்படித்தான். பனிக்குள் ஏரியும் தெரியாது, கரையும் தெரியாது. மூன்றாம் சுற்றில் மரகதத்துக்குக் கால் மரத்துப்போகும். நான்காம் சுற்றில் கால் இருப்பதே தெரியாது, மிதப்பதுபோல் இருக்கும். தூரத்தில் வெள்ளையாக ஏதோ மெல்ல நகரும். கப்பல்தான் என்று நினைப்பாள். கிட்டப் போனால் கொக்கு. ஆனாலும் மறுநாளும் கப்பல் என்றே நினைப்பாள்.

வளைக்குத் திரும்பியதும் பிள்ளைகள் சோம்பல் முறித்தபடி கேட்கும். “இன்னைக்கு எங்கே வந்திருக்கோம்?”

“பவளத்துறை தாண்டியாச்சு!”

“நாம எவ்வளவு வேகமா போறோம், பார்த்தியா!”

‘நாம’ என்று பிள்ளைகள் சொல்லும்போது மரகதத்துக்குக் காதில் தேன் பாயும். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் பத்துச் சுற்றுகூட ஓடுவாள்.

பெருச்சாளி வீட்டுக் கதை வேறு. அங்கே மொத்தம் ஆறு பேர். பெருச்சாளியார் பாதிச் சுற்றிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் பின்னாலிருந்து முட்டித் தள்ளும்.

“விடுங்கடா, மூச்சு வாங்குது!”

“நீ வராம கப்பல் நகராதுப்பா!”

வெயில் ஏறிய பிறகுதான் அவர்கள் ஓட்டம் முடியும். மரகதத்துக்கு அதைப் பார்த்தால் சிரிப்பாக வரும். பத்து நாளில் தள்ளுவது நின்றது. இருபது நாளில் பெருச்சாளியார் முன்னால் ஓடினார். அதை அவள் கவனிக்கவில்லை. அவள்தான் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாளே!

முப்பதாம் நாள் இரண்டு குடும்பமும் துறைமுகம் சேர்ந்தன. கரையில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கோரைத் தெப்பங்கள் மிதந்தன. கீரிப் பிள்ளைகள் குதித்து ஏறின.

“இது எப்படிண்ணே ஓடும்?” என்று மரகதம் கேட்டாள்.

“காலாலதான்! ரெண்டு ஓரமும் உட்கார்ந்து பின்னங்காலைத் தண்ணியில விட்டு உதைக்கணும். பின்னே முப்பது நாள் எல்லாரையும் எதுக்கு ஓடச் சொன்னேன்?”

மரகதம் பூவலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

தெப்பங்கள் கிளம்பின. இடது ஓரத்தில் பூவலிங்கமும் பெரிய பிள்ளைகள் இரண்டும். வலது ஓரத்தில் மரகதமும் சுண்டுவும். பத்து உதையில் மூத்தது நிறுத்தியது. பதினைந்தில் நடுவுள்ளது நிறுத்தியது. பூவலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தான். சுண்டுவின் கால் தண்ணீருக்கே எட்டவில்லை. மரகதம் மட்டும் விடாமல் உதைத்தாள். ஐந்து பேர் ஓட்டத்தை ஓடிய கால் அல்லவா! தெப்பம் வட்டமடிக்கத் தொடங்கியது. தீவு வந்தது, போனது. கரை வந்தது, போனது. மறுபடியும் தீவு வந்தது, போனது.

“ஐயோ, தலை சுத்துது!” என்றான் பூவலிங்கம்.

“நீ சரியா உதைக்கலம்மா! இன்னும் வேகமா உதை!” என்றது நடுவுள்ளது.

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளை மேல் கோபம் வரவில்லை. இடது ஓரத்தில் தொங்கிய கால்களைப் பார்த்தாள். சோளத்தட்டைபோல் இருந்தன. அவற்றை அப்படி வைத்தது யார்? தன்மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. மெதுவாகக் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

“ஏன் நிறுத்திட்டே?” என்றான் பூவலிங்கம்.

“போதுங்க. நானும் உட்கார்றேன்.”

தெப்பம் சுற்றுவதை நிறுத்தி அப்படியே நின்றது. அலை இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே நீலம். ஐந்து பேரும் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ட கனவு அச்சு அசலாக அப்படியே இருந்தது. கப்பல் மட்டும் எங்கும் போகவில்லை. தீவில் பெருச்சாளிக் குடும்பம் நீல வாயோடு சிரித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் காற்று எழுந்து தெப்பத்தைப் புறப்பட்ட கரைக்கே தள்ளிக்கொண்டு வந்தது. சுண்டு விம்மியது. “நாம ஏம்மா போகல?”

“உங்க ஓட்டத்தையெல்லாம் நானே ஓடித் தீர்த்துட்டேன் கண்ணு. அதான்.”

மறுநாள் விடியலில் மரகதம் நான்கு வால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள்.

“பனி விழுது மரகதம்...”

“விழட்டும்! எழுந்திருங்க!”

அன்றைக்கு அவள் ஒரே ஒரு சுற்று ஓடினாள். ஓடி முடித்துக் கரையில் உட்கார்ந்தாள். மூத்தது நொண்டிக்கொண்டு வந்தது. நடுவுள்ளது அழுதுகொண்டே வந்தது. பூவலிங்கம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். வெயில் உச்சிக்கு ஏறியும் சுண்டுவைக் காணோம். அதன் சுற்றையும் தானே ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை மரகதம் எழுந்தாள். இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து சுற்று ஓடிய நாளில்கூட அவளுக்கு இவ்வளவு மூச்சு வாங்கியதில்லை.

பிரியத்தினால் பிறர் பங்கையும் நாமே ஓடிவிட்டால், அவர்கள் கால்களை நாமே பறித்தவர்கள் ஆவோம்.