நெடியாளும் அவள் அப்பன் தொலைத்த பெயரும்

அந்தக் காலத்தில், எண்களெல்லாம் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஒன்பதுக்கு ஒன்பது என்று பெயரில்லை. தொண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு ஒரே மகள், நெடியாள். ஐந்து தொண்டுகள் கைகோத்து நிற்பதுபோல நீண்ட உருவம்: 99,999. லட்சத்துக்கு ஒன்றே ஒன்று குறைவு.

அந்த ஒன்றுதான் அவளைத் தின்றது. எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் அவள்மேல் கால்வைத்து லட்சத்துக்குத் தாவிவிடுவார்கள். அவளிடம் ஒருவரும் ஒரு மூச்சு நின்றதில்லை. நெடியாள் சாப்பாட்டை விட்டாள், பிறகு பேச்சையும் விட்டாள். இப்படியே போனால் மகள் பிழைக்கமாட்டாள் என்று தொண்டுக்குத் தெரிந்துபோயிற்று.

ஒன்றிடம் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான், என் மகளோடு வந்து சேர்ந்துகொள் என்று. ஒன்று இளகின மனசுக்காரி.

"நான் வந்தால் லட்சம் வரும் அண்ணே. உங்கள் மகள் இருக்கமாட்டாள். நானும் அஞ்சு பூச்சியமும்தான் நிற்போம். அவள் முகத்தில் ஒரு பொட்டுகூட மிஞ்சாது."

அவளை அழித்துவிட்டு அவளை வாழவைப்பது எப்படி? தொண்டு திரும்பி வந்தான். வழியெல்லாம் யோசித்து, கடைசியில் பெயரில் கை வைத்தான். அவனுக்கு மூன்று தம்பிகள்: பத்து மடங்குக்காரன் (90) தொண்பது, நூறு மடங்குக்காரன் (900) தொண்ணூறு, ஆயிரம் மடங்குக்காரன் (9,000) தொள்ளாயிரம்; அன்றைக்கு அவர்கள் பெயர் அப்படித்தான். ஆளுக்கொரு படி மேலே உள்ள பெயரை எடுத்துக்கொள்ளச் சொன்னான். இவர்கள் பெயரெல்லாம் சேர்ந்ததுதான் மகள் பெயர்; அது பெரிதானால் மகளும் பெரியவளாகத் தெரிவாள் என்று கணக்கு. தொண்ணூறு என்ற பெயர் தொண்பதுக்குப் போயிற்று; தொள்ளாயிரத்தின் பெயர் அடுத்தவனுக்கு. கடைசித் தம்பிக்கு எடுத்துக்கொள்ள மேலே ஒன்றுமில்லை. அண்ணன் எடுக்கப்போகிற பெயரை ஒட்டிக்கொண்டு ஒன்பதாயிரம் ஆனான். அண்ணன் தன் பெயரைத் தெருவில் எறிந்தான். காலியான தொண்பதை எடுத்து, தலையெழுத்தான 'த்'தைத் தட்டிவிட்டு, 'ண்'ணை 'ன்' ஆக்கி, ஒன்பது என்று வைத்துக்கொண்டான். அப்படியாவது தலையெழுத்து மாறும் என்று நினைத்திருப்பான், பாவம்.

லட்சத்தின் வாசலில் சுழியன் என்ற பூச்சியம் காவல். நெடியாள் போய்ப் பெயரைச் சொன்னாள்: தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஆயிரமும் நூறுமாக அந்தப் பெயர் உருண்டு வந்த மிரட்டலில் சுழியன் எழுந்தேவிட்டான். ஆனால் உள்ளே விடுமுன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது அந்த வாசல் வழக்கம். லட்சத்தைக் கூட்டினால் ஒன்று வரும். இவளைக் கூட்டினால் நாற்பத்தைந்து. நாலும் ஐந்தும் ஒன்பது.

"பேரை மாத்திக்கிட்டு வந்தியாக்கும்," என்று சிரித்தான் சுழியன். "கூட்டினா உங்கப்பன்தான் வந்து நிக்கிறான்."

நெடியாள் அங்கேயே தன்னை இரண்டு மடங்காக்கிக் காட்டினாள், மூன்று மடங்காக்கிக் காட்டினாள். லட்சத்தைத் தாண்டியும் போனாள். எப்படிக் கூட்டினாலும் கடைசியில் அப்பன்தான். வாசல் சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்தவள் திட்டவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பனிடம் வாய்திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இனிமேல் யாராவது கேட்டால், அப்பா, உங்கள் பேர் என்னவென்று சொல்ல?"

ஒன்பது தெருவுக்கு ஓடினான். எறிந்த பெயர் அங்கே இல்லை. பிறத்தியார் பாரத்துக்கு முதுகு கொடுத்து, கைம்மாறு கேட்காமல் குனிந்து போய்க்கொண்டிருந்தவர்களிடம் அது ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டான். குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை.

அன்று முதல்தான், ஒன்பதில் பத்தும் தொண்ணூற்றில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமுமாக, எட்டாத பத்தையும் நூறையும் ஆயிரத்தையும் ஒன்பதின் குடும்பம் பெயரில் மட்டும் சுமக்கிறது. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பிறருக்குச் செய்கிற வேலைக்குத் தொண்டு என்று பெயர்.