முப்பத்தேழு பேர் தனியாகச் சமைத்த விருந்து

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைக் கொற்றவாணன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் வென்ற போர்கள் எத்தனை என்பதில் பண்டிதர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவன் நன்றாகச் சாப்பிடுவான் என்பதில் இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு மனக்குறை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இளவரசனின் திருமண விருந்தில் பாயசம் அடிப்பிடித்துவிட்டது. சம்பந்தியான பக்கத்து நாட்டு அரசர் ஒரு வாய் குடித்தார், புன்னகைத்தார், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் புன்னகையைக் கொற்றவாணனால் மறக்க முடியவில்லை. பாயசத்தைத் தீய்த்தவனை ஆற்றுக்கு அக்கரை அனுப்பியே தீருவேன் என்று சபதம் செய்தான். அக்கரை வேறு நாடு, அப்படி அனுப்பப்பட்டவர்கள் திரும்பியதில்லை. அன்று சமைத்தவர்கள் ஐம்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது தலைமைச் சமையற்காரருக்குக் கண் மங்கிப்போய் அவர் விடைபெற்றுக்கொண்டார். புதியவரைத் தேடும் பொறுப்பு அமைச்சர் தத்தனாரிடம் வந்தது. வேலை வேண்டுவோர் ஓலை எழுதித் தரவேண்டும் என்று அவர் பறையறைவித்தார். தம் கையால் எதைச் சமைத்தார்கள், அதை அறிந்தவர் யார், எது தமக்கு வராது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

அரண்மனை மேலதிகாரி மங்கலராயருக்கு இது பிடிக்கவில்லை. தத்தனார் செய்கிற எதுவுமே அவருக்குப் பிடிப்பதில்லை. போதாததற்கு, தம் மைத்துனன் கடம்பனை அந்த வேலையில் அமர்த்திவிட வேண்டும் என்று நெடுநாளாகக் கணக்குப் போட்டிருந்தார். கடம்பனுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. ஆனால் மங்கலராயருக்கு எழுதத் தெரியும். வேலை கேட்கிறவன் தன்னைத் தானே குறைத்துக்கொள்வானா என்று சிரித்துவிட்டு, 'இளவரசர் திருமண விருந்து முழுவதையும் தனியொருவனாகச் சமைத்தவன் நான். எனக்கு வராதது எதுவுமில்லை' என்று மைத்துனனுக்காக ஓர் ஓலை தயாரித்தார். செய்தி வெளியே கசிந்தது. மேலதிகாரியே அப்படி எழுதினால் அதுதான் முறை போலும் என்று மற்றவர்களும் அதையே எழுதினார்கள்.

ஒருவன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான். சத்திரத்தில் சமைக்கும் உலகன். தத்தனார் அவனைத் தனியே அழைத்து, இந்த ஓலையை அவையில் படித்தால் உன்னை அக்கரை அனுப்பிவிடுவார்கள், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள் என்றார். உலகனுக்கு மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். ஓலையை வாங்கக் கை நீட்டியவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அந்த விருந்தில் கூட்டு வைத்தவன் நான்தான் ஐயா, நன்றாகவே இருந்தது. பாயசத்தை மறைத்துவிட்டால் அப்புறம் அந்தக் கூட்டையும் யார் நம்புவார்கள்?"

மறுநாள் அவையில் ஓலைகள் படிக்கப்பட்டன. முதலாமவன் விருந்து முழுவதையும் தனியாகச் சமைத்திருந்தான். இரண்டாமவனும் அப்படியே. ஐந்தாவது ஓலையில் அரசன் புருவத்தை உயர்த்தினான். முப்பத்தேழாவது ஓலையில் அவனுக்குத் தலை சுற்றியது.

"அரசே, இளவரசருக்கு முப்பத்தேழு திருமணம் நடந்ததா?" என்று தத்தனார் பணிவோடு கேட்டார்.

"ஒன்றுதான். அதற்கே அவன் இன்னும் மூச்சு வாங்குகிறான்."

"அப்படியானால் அந்த ஒரே விருந்தைத்தான் இவர்கள் ஒவ்வொருவரும் முழுவதுமாகச் சமைத்திருக்கிறார்கள். பாயசமும் விருந்தில் சேர்த்திதானே? தாங்கள் தேடிய ஒரு குற்றவாளிக்கு முப்பத்தேழு பேர் கிடைத்துவிட்டார்கள். படகோட்டிகளுக்குச் சொல்லியனுப்பட்டுமா?"

உடனே முன்வரிசையில் நின்றவன், தான் வாழைக்காய் மட்டுமே சீவியதாகச் சொன்னான். இன்னொருவன் அடுப்பு ஊதினானாம். வேறொருவன் இலை கழுவினானாம், அதிலும் பாதியைத் தம்பி கழுவினானாம். கடைசியில் கடம்பன் அக்காள் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நான் சாப்பிட்டேன். இரண்டு பந்தி."

அரசன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். "மங்கலராயரே, நீர் எழுதிக் கொடுத்ததைவிட உம் மைத்துனன் வாயால் சொன்னது எவ்வளவோ மேல். இதையாவது நம்ப முடிகிறது."

மங்கலராயர் தரையில் பதித்திருந்த கற்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அடுத்து முப்பத்தெட்டாவது ஓலை. 'பூசணிக்காய்க் கூட்டு நான் வைத்தேன். பரிமாறிய சத்திரத்து மாசாத்தியைக் கேட்கலாம். பாயசக் கரண்டியைக் கடைசியில் என்னிடம் தந்தார்கள். ஊர்வலத்தில் யானை வந்தது, பார்க்கப் போனேன். பாயசம் அடிப்பிடித்துவிட்டது. அதன்பின் பிடித்த கரண்டியை நான் விட்டதில்லை. மீன் சமைக்க எனக்கு வராது, கற்றுக்கொள்கிறேன்.'

அரசனின் சிரிப்பு நின்றது. "நீயா அது?"

"நான்தான், மகாராஜா."

காவலர்கள் ஓரடி முன்னே வந்தார்கள். தத்தனார் கை உயர்த்தினார். "ஒரே ஒரு கேள்வி, அரசே. நாளை தங்கள் சமையலறையில் பால் திரிந்துவிட்டால், இந்த முப்பத்தெட்டுப் பேரில் யார் அதைத் தங்களிடம் வந்து சொல்வார்?"

அரசன் வரிசையை ஒருமுறை பார்த்தான். முப்பத்தேழு பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"அது சரி. ஆனால் நாடறியச் சபதம் செய்துவிட்டேனே" என்றான், குரலைத் தாழ்த்தி.

"அனுப்பிவிடுங்கள். எத்தனை நாளைக்கு என்று தாங்கள் சொல்லவில்லை. அக்கரைச் சந்தையில் வெல்லம் நன்றாக இருக்கும். காலைப் படகில் போய் வாங்கிக்கொண்டு மாலைப் படகில் வந்துவிடட்டும்."

அப்படியே உலகன் நாடு கடத்தப்பட்டான். இரண்டு மூட்டை வெல்லத்தோடு விளக்கேற்றும் முன் வீடு திரும்பினான். தலைமைச் சமையற்காரன் ஆனான். வாழைக்காய் சீவியவனுக்கு வாழைக்காய் சீவும் வேலை கிடைத்தது. மங்கலராயருக்கும் ஒரு பணி: எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல், கோட்டை வாசலில் உட்கார்ந்து ஓலை எழுதித் தரவேண்டும். முதல் வாரம் மிகவும் சிரமப்பட்டாராம்.

உலகன் பொறுப்பேற்ற அன்று அரசனுக்கு இலை போட்டதும், சமையலறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. குழம்பில் உப்பு சற்றே தூக்கல், தயிர் விட்டுச் சாப்பிடவும்.

அரசன் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தான். "ஆமாம், தூக்கல்தான்" என்று பூரித்துப்போய், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டான்.