ஊக்கு குத்திய பொம்மை

“மேடம், அந்தப் பொம்பளையை இனிமே கடைக்குள்ளயே விடக்கூடாது!”

கிருபாகரனுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

மவுண்ட் ரோட்டில் பெரிய கடை அது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வெளிர்நிற மேப்பிள் மரச்சாமான்களை, மாடியில் வீடு மாதிரியே அறை அறையாக அலங்கரித்து விற்றார்கள். அந்த அலங்காரத்தைக் கற்றுக்கொள்ளத்தான் நாற்பத்தைந்து வயதில் அவன் ஃப்ளோரா மேடத்திடம் சீடனாகச் சேர்ந்திருந்தான். மேடம் அவனைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன சொன்னா அவ?”

“குழந்தைக் கட்டிலைப் பார்த்துட்டு, இதைச் செஞ்சவன் கை வெளங்குமான்னு கேக்கறா மேடம். இடுப்புல கைப்பிள்ளையோட, இத்தனை பேர் முன்னாடி!”

“ஏனாம்?”

“கம்பிக்குக் கம்பி இடைவெளி ஜாஸ்தியாம். வந்தப்போ ஜெயிலாட்டம் அடைசலா இருந்துது. ஒண்ணு விட்டு ஒண்ணு நான்தான் மரக்கம்பியைக் கழட்டினேன். இப்ப எப்படி வெளிச்சம் பாயுது பாருங்க! அமெரிக்காக்காரனுக்கே தோணாத யோசனை. நீங்களே நேத்து நல்லாருக்குன்னீங்க.”

மேடத்தின் முகம் சுருங்கியது.

விறுவிறுவென்று கட்டிலருகே போனார். ரோஸ் கவுன் போட்ட பெரிய பொம்மை ஒன்று அதில் கண்மூடிக் கிடந்தது.

“இது எப்படி அசையாம இருக்கு?”

“முதுகுல ஊக்கு குத்தி மெத்தையோட பிடிச்சு வெச்சிருக்கேன். நம்ம வழக்கம்தானே மேடம்? இல்லாட்டி கோணிக்கும்.”

“எடுங்க.”

எடுத்தான்.

மேடம் பொம்மையை ஒரே ஒரு தடவை புரட்டிவிட்டார்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே கால் போனது. இடுப்பு போனது. தோள் போனது.

தலை போகவில்லை.

பொம்மை தொங்கியது. நிமிர்ந்துவிட்டதால் அதன் கண்கள் டக்கென்று திறந்துகொண்டன.

அவன் தூக்கப் போனான். மேடம் அவன் கையைத் தட்டிவிட்டார்.

“தொடாதீங்க. நல்லா பாருங்க.”

பார்த்தான்.

“இப்படிக் கழட்டினது வேற இருக்கா?”

“ஒண்ணு.”

“யாருக்கு வித்தீங்க?”

விற்கவில்லை. கப்பலில் கீறல் விழுந்த கட்டில் என்று கடையே அவனுக்குக் கொடுத்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த மகள் ஜெபா, இந்நேரம் அதில்தான் படுத்திருப்பாள்.

டிராமுக்கு நிற்கவில்லை. சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் ஓடினான்.

ஜெபா விழித்திருந்தாள். ஒரு காலைக் கம்பிக்கு வெளியே விட்டு ஆட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலை ஓங்கி உதைத்தான். கவிழ்ந்தது. மறுபடியும் உதைத்தான். பிள்ளை வீறிட்டது.

அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

“ஐயோ, என்னங்க இது, பேய் புடிச்சுதா? அமெரிக்கச் சாமானுங்க அது!”

“இல்லடி,” என்றான். “நான் செஞ்சது.”