கழுதைக்கு என்ன திணை?

“இன்னும் என்னதான் குறை மதாம்? சொல்லித் தொலைங்களேன்!”

புலவர் தில்லைக்கண்ணு கேட்டேவிட்டார். கேட்ட பிறகுதான் வாயைவிட்டுப் போன வார்த்தை அவருக்கே உறைத்தது.

மதாம் செலின் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதக் கட்டைப் புலவர் பக்கமே திருப்பித் தள்ளினார். இது மூன்றாவது தடவை.

புலவர் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, புதுச்சேரியில் இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மதாமுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தால் என்ன, வாத்தியார் வாத்தியார்தானே!

மொழிபெயர்க்க அவர் எடுத்துக்கொண்டது ஒரு பிரெஞ்சு நாவல். மலையில் ஆடு மேய்க்கும் பாஸ்தியன் என்பவனும், பதினெட்டு வருஷம் அவன் மூட்டையைச் சுமந்த ஒரு பெட்டைக் கழுதையும்தான் கதை. மூன்று வருஷம் உட்கார்ந்து தமிழில் எழுதி முடித்திருந்தார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘மூலத்தோடு ஒப்பிட்டேன், சரி’ என்று மதாம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பதிப்பாளர் வாங்குவார்.

இன்று சனிக்கிழமை.

போதாக்குறைக்கு அரைமணி நேரம் தாமதமாக வேறு வந்திருந்தார். தாமதமாக வருகிறவர்கள் காரணத்தைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். பஸ் வரவில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். சுத்தமான பிரெஞ்சு, சுத்தமான பொய்.

காலையில் அவர் கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். சொக்கி செத்துப்போயிருந்தது. பதினாலு வருஷமாக வீட்டோடு கிடந்த நாய். மனைவி நெய்வேலியில் மகள் வீட்டில் இருந்தாள். போனைக் கையில் எடுத்தார், வைத்துவிட்டார். நாய்க்கெல்லாமா போன் போட்டுச் சொல்வது? நாலு பேர் சிரிப்பார்கள்.

“ஒன்பதாம் அத்தியாயம் படிங்க,” என்றார் மதாம்.

புலவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“‘பாஸ்தியன் மாதா கோயில் படியில் உட்கார்ந்து அழுதான். மனைவியின் நினைவு அவனை வாட்டியது. அவள் எனக்காகக் காத்திருந்தாள், நான்தான் போகவில்லை என்றான்.’”

“அவனுக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?”

“யாருக்கு?”

“பாஸ்தியனுக்கு. எந்த அத்தியாயத்துல?”

புலவர் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கல்யாணம் எங்கேயும் அகப்படவில்லை.

“மூலத்துல ‘எல்’னு இருந்துது மதாம். ‘எல்’னா அவள்தானே? ஆம்பளை ஒருத்தன் கோயில் படியில உட்கார்ந்து அழறான். பொண்டாட்டிக்கு இல்லாம வேற யாருக்கு அழுவான்? படிக்கறவங்களுக்குப் புரியட்டும்னு ‘மனைவி’ன்னு நான்தான் சேர்த்தேன்.”

“எட்டாம் அத்தியாயம். கடைசி வரிகள்.”

“‘கழுதை பனியில் படுத்துக்கொண்டது. அது அவன் வரும் வழியையே பார்த்தபடி இருந்தது. அதன்பின் அது எழுந்திருக்கவில்லை.’”

“இங்க மூலத்துல என்ன இருக்கு?”

“இங்கேயும் ‘எல்’தான்...”

புலவர் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் அழுதது கழுதைக்காக! அட கடவுளே! கல்யாணமே ஆகாதவனுக்கு ஒருத்தியைக் கட்டிவைத்து, அவளைச் சாகடித்தும்விட்டேனே! மூன்று வருஷம் கண்ணை எங்கே வைத்திருந்தேன்?

ஆனாலும் முப்பத்திரண்டு வருஷத்துத் தமிழாசிரியர் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவருவாரா?

“சரி மதாம், தப்புதான். பொண்டாட்டியை எடுத்துடறேன். ‘அது எனக்காகக் காத்திருந்தது’ன்னு போட்டா முடிஞ்சுது.”

“ஒரு ‘அது’க்காகவா அவன் அப்படி அழறான்?”

“நான் என்ன செய்யட்டும்? பிரெஞ்சுக்காரனுக்கு நாற்காலிகூட ‘அவள்’தான், வேற கதியில்ல. நமக்குத் திணை இருக்கே! மனுஷங்க, தேவருங்க, நரகத்துல கிடக்கறவங்க, இவங்கதான் உயர்திணை. கழுதை அஃறிணை. இது நான் வெச்ச சட்டமா?”

“நரகத்துல கிடக்கறவனுக்கு ‘அவன்’.”

“ஆமாம்.”

“காத்துக் கிடந்து செத்தவளுக்கு ‘அது’.”

புலவர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

மதாம் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நகத்துல மண்ணு.”

புலவர் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“பஸ் வரலைன்னீங்க.”

“ஆமாம்.”

“ஏன் லேட்டு? திரும்பச் சொல்லுங்க. பிரெஞ்சுல.”

இன்னொரு பொய்யைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டார். பிரெஞ்சில் சொல்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை, பரீட்சையில் ஒப்பிப்பது மாதிரிதான் இருந்தது. வீட்டு நாய் செத்துவிட்டது. பதினாலு வயது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. கொல்லையில் புதைத்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ‘எல்’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘எல்’ தானாக வந்தது.

“இப்ப தமிழ்ல.”

“நாய் செத்துப்போச்சு மதாம். அது...”

நின்றார்.

“மூணு நாளா அது...”

மறுபடியும் நின்றார்.

“மூணு நாளா ஒண்ணும் தின்னல மதாம். பால் வெச்சேன், மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. நேத்து ராத்திரி வந்து கதவைப் பிறாண்டினா. நான் உள்ள உட்கார்ந்து இந்த ஒன்பதாம் அத்தியாயத்தைத்தான் திருத்திக்கிட்டிருந்தேன். ‘சும்மா கிட சொக்கி’ன்னு ஒரு அதட்டல் போட்டேன். ஒரு பக்கம்தானே பாக்கி, முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தவன், அப்படியே தூங்கிப்போயிட்டேன். காலைல திறந்தா கதவோரத்துலயே கிடந்தா. மூஞ்சி கதவுப் பக்கமா இருந்துது. அவ எனக்காகக் காத்திருந்தா மதாம், நான்தான் போகல...”

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார்.

பேனாவை எடுத்தார். ‘மனைவியின் நினைவு அவனை வாட்டியது’ என்ற வரியை அடித்தார். அடுத்த வரியைத் தொடவில்லை. ஒரு பக்கம் பின்னால் போனார். ‘அது அவன் வரும் வழியையே’ என்ற இடத்தில் ‘அது’வை அடித்துவிட்டு, மேலே ‘அவள்’ என்று எழுதினார். ‘இருந்தது’ ‘இருந்தாள்’ ஆனது, அடுத்த வரி ‘அது’வும் ‘அவள்’ ஆனது. அதன்மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை பரவியது.

மதாம் அந்தப் பேனாவை வாங்கி, பரவிய மைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவர் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கேட்பது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எப்ப எடுத்தீங்க?”

அந்தக் கேள்வியை யாருக்குக் கேட்பார்கள் என்று புலவருக்குத் தெரியாதா? மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் பதில் சொன்னார்.

“காலைல எட்டு மணிக்கு மதாம். நான் ஒருத்தன்தான் இருந்தேன்.”