முட்டி வலியும் ராஜ வம்சமும்

அயர்லாந்தின் பழைய அரசர்கள் பட்டம் சூடிய இடம் தாரா குன்று. அந்த நாட்டுச் சரித்திரம் படித்த மாதங்கி, பயணிகளை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்லும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முதன்முதலாக அவளிடம் வந்தது ஒரு கோயம்புத்தூர்க் கூட்டம்.

அதில் மில் முதலாளி பொன்னுரங்கமும் இருந்தார். "எங்க பாட்டன் பாளையத்தையே ஆண்டவருங்க" என்று விமானத்திலேயே எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார். குன்றின் அடிவாரத்தில் புல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முட்டி வலிக்குது. உச்சி வரைக்கும் கார் வரணும்."

"மேல வண்டி விடமாட்டாங்க ஐயா."

"வரலைன்னா உங்க கம்பெனிக்கு ஒரு போன் போடுவேன். நாளைக்கு உனக்கு வேலை இருக்காது!"

மாதங்கி கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கதை சொல்லத் தொடங்கினாள்.

"இந்த நாட்டுப் பழங்கதையில, ராஜாவோட உடம்புல குறையே இருக்கக் கூடாதுங்க. சண்டையில கை போன ஒரு ராஜாவையே சிம்மாசனத்தை விட்டு இறக்கிட்டாங்களாம். நம்ம ஐயாவும் ராஜ வம்சம். ஆனா முட்டி வலிங்கிறார். இனி அவரை என்னன்னு கூப்பிடறதுன்னுதான் தெரியல."

கூட்டம் சிரித்தது. பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார்.

"யாருக்கு வலி? உன்னைச் சோதிச்சுப் பார்த்தேன்!"

விறுவிறுவென்று ஏறி, எல்லோருக்கும் முன்னால் உச்சியில் போய் நின்றார்.

அவர் மனைவி சரசு மூச்சு வாங்க வந்து மாதங்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டி வலின்னு சொல்லியே இத்தனை வருசமா கடைப்பக்கம் போகாத மனுசன், அம்மணி. ஊருக்குப் போனதும் காய்கறிப் பையை இவர் கையிலதான் குடுக்கப் போறேன்!"