தள்ளிப்போன வெள்ளிக்கிழமை

கதையைக் கேட்டுவிட்டு நழுவுகிற ஆட்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். "எல்லார் பக்கமும் நியாயம் இருக்கு" என்கிற வழவழா பதிலெல்லாம் என்னிடம் செல்லாது.

திருத்துறைப்பூண்டியில் வேதவல்லி என்றொரு அம்மாள் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் யூடியூபில் ஒரு சமையல் வீடியோ போடுவார். "வாங்க வாங்க, சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தால் அடுப்பை அணைக்கிறவரை வாய் ஓயாது. போனைப் பிடித்துப் படமெடுப்பவர் கணவர் ஞானமூர்த்தி, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வாயே திறக்கமாட்டார். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அந்த அம்மாளே பேசிவிடுவதால் அவருக்கு அவசியமும் இருக்கவில்லை.

பார்க்கிற கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. அதில் தவறாத ஆள் ஜெசிந்தா. நாகப்பட்டினத்துப் பெண், குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. வீடியோவைப் பார்த்தபடியே தனக்கென்று எதையாவது சமைத்துவிட்டுக் கீழே இரண்டு வரி எழுதுவாள். வேதவல்லி நாலு வரி பதில் எழுதுவார்.

வேதவல்லிக்கு ஒரு ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதற்காக வீடியோவை நிறுத்துகிற ஆளா அவர்? மருத்துவமனைக்குக் கிளம்புமுன் வரிசையாக எடுத்துத் தள்ளினார். வேறுவேறு நாள்போலத் தெரியவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் புடவை மாற்றினார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது ஞானமூர்த்தியின் வேலை. அந்த அமளியில் அவர் அதை மறந்தே போனார். ஒவ்வொரு வீடியோவும் அதனதன் வெள்ளிக்கிழமையில் தானாகவே வெளியாகும்படி மகள் சுபாஷினி கோயம்புத்தூரில் இருந்தபடி தேதி குறித்து வைத்தாள்.

கடைசி வீடியோவை மட்டும் கணவர் கடைக்குப் போயிருந்தபோது அம்மாள் தானே எடுத்தார். "இதை முன்னாடியே திறந்து பார்க்கக் கூடாது. எது நடந்தாலும் ஒண்ணும் நிக்கவும் கூடாது, எல்லாம் வரணும்" என்று மகளுக்கும் போனில் சொல்லி, கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

காரியங்கள் முடிந்து சொந்தபந்தம் கலைந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் போன் சிணுங்கியது. "வாங்க வாங்க, சாப்பிட்டாச்சா?" ஞானமூர்த்தி விக்கி விக்கி அழுதார். ஆனால் அடுத்த வெள்ளிக்காகக் காத்திருக்கவும் ஆரம்பித்தார். அடுப்பு எரியாத அந்த வீட்டில், மெஸ் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தக் குரல் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். இறந்த செய்தியை அங்கே எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது வெளியாகிவிட்டால் அப்புறம் வேதவல்லி சொல்வதற்கு எதுவுமில்லை. ஆகவே வியாழக்கிழமை வந்தால் ஞானமூர்த்தி அதன் தேதியை ஒரு வாரம் தள்ளிவைப்பார். திறந்து பார்க்கவில்லை. நிறுத்தவும் இல்லை, தள்ளித்தானே வைக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். "அக்கா, இந்த வாரமும் வரலியே, சௌக்கியமா?" என்று ஜெசிந்தா கேட்பாள். "வரும்" என்று மனைவி பெயரிலேயே பதில் போடுவார். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

தேதி நகர்ந்துகொண்டே போவதைச் சுபாஷினி பார்த்தாள். அப்பா இளைத்துப் போனதையும் வீடியோ காலில் பார்த்தாள். சொன்னால் விடமாட்டார் என்று தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம் சொல்லாமலே அந்த வீடியோவை வெளியிட்டுவிட்டாள்.

ஞானமூர்த்தி உடனே மகளுக்குப் போன் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக மகளிடம் குரலை உயர்த்தினார்.

"யாரைக் கேட்டு விட்டே?"

"அம்மா சொன்னதைத்தான் செஞ்சேம்ப்பா."

போனை வைத்துவிட்டார். வீடியோவைத் தொடவில்லை. சற்றைக்கெல்லாம் வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சேனலில் போட்டிருந்த நம்பரைப் பார்த்து ஜெசிந்தாதான் கூப்பிட்டாள்.

"அண்ணே, அக்கா இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். வாராவாரம் புடவை மாறுது, காலண்டர் தாள் மாறல. நாலு வரி எழுதுறவங்க ஒத்த வார்த்தை எழுதுறாங்க. அந்த ஒத்த வார்த்தையை எழுதுற ஆளைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. அதான் தெரியாத மாதிரியே கேட்டுக்கிட்டிருந்தேன்."

இப்போது சொல்லுங்கள். மனைவியின் கடைசிப் பேச்சைச் செலவழிக்காமல் காத்த கணவர், சொல்லாமல் கொள்ளாமல் அதை வெளியே விட்ட மகள், உண்மை தெரிந்தும் தெரியாதவள்போலத் துணையிருந்த ஜெசிந்தா. இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி? வீடியோவில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அது தெரியாமல்தானே மூவரும் நடந்துகொண்டார்கள்?

என் பதில் இது. ஜெசிந்தாவுக்கு இருந்தது தங்கமான மனசு. ஆனால் அவள் கேட்கக் கேட்கத்தான் அவருக்கு "வரும்" என்று சொல்லி ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது. ஞானமூர்த்தி மனைவியை வைத்துக்கொள்ளப் பார்த்தாரே தவிர, மனைவி சொல்ல வந்ததைக் காதில் வாங்கவில்லை. அந்த அம்மாளைப் பேசவிட்டது மகள் மட்டும்தான். அவள் செய்ததே சரி. அன்று மதியம் ஞானமூர்த்தி ஒருவழியாக வீடியோவைத் திறந்தார். வேதவல்லி கையில் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் அரிசி. "என்னங்க, இது உங்களுக்குத்தான். ஒரு ஆளுக்கு இவ்வளவு போதும். தண்ணி இதுல ரெண்டு பங்கு. பக்கத்திலேயே நில்லுங்க, நான் சொல்றேன்." இத்தனை மாதமும் அவர் பார்சல் சோறு தின்றுகொண்டு தள்ளித் தள்ளி வைத்தது இதைத்தான்.